துடைப்பத்தைக் கீழே வைத்த பிறகு

(இளைஞர்களுக்கான ஒளிப்படப் பயிற்சி முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கார்டன் பார்க்ஸைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். அவரிடம் போவதற்கு முன், நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலையில், தெரு கூட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவைப் படம் எடுத்தேன். கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சம், பின்னால் ஒரு கட்சியின் சுவரெழுத்து, முன்னால் நீண்ட துடைப்பத்தோடு அவர். படம் நன்றாக வந்தது. பேஸ்புக்கில் போட்டேன். முன்பின் தெரியாதவர்கள்கூட கோபமும் கண்ணீருமாக எழுதிப் பகிர்ந்தார்கள். ஒரு மாதம் கழித்து அதே தெருவில் அவரைப் பார்த்தபோது, படம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கைபேசியில் காட்டினேன். அவர் சொன்னார்: "தெரியும்ப்பா. எம் பேத்திகிட்ட பள்ளிக்கூடத்துல பசங்க காட்டியிருக்காங்க. ரெண்டு நாளா அது எங்கிட்ட பேசல." கொஞ்சம் பொறுத்து, கோபமே இல்லாமல் கேட்டார்: "ஒருவாட்டி வீட்டுக்கு வந்து எடுத்திருக்கலாம்ல?"

எனக்குப் பதில் வரவில்லை. பார்க்ஸை நான் ஒழுங்காகப் படிக்கத் தொடங்கியது அந்தக் கேள்விக்குப் பிறகுதான். ஏனென்றால் அவருடைய புகழ்பெற்ற படமும் துடைப்பத்தோடு நிற்கும் ஒரு பெண்ணின் படம்தான். அவர் அந்தப் படத்தோடு நின்றுவிடவில்லை என்பது எனக்கு அதுவரை தெரியாது.

கார்டன் பார்க்ஸ் 1912 நவம்பர் 30 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், ஃபோர்ட் ஸ்காட் என்ற சிற்றூரில் பிறந்தார். ஏழை விவசாயக் குடும்பம். பதினைந்து பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. அந்த ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளி தனி. இறந்தவர்களைப் புதைக்கும் இடத்திலும் பிரிவினை. அவருக்குப் பதினோரு வயதானபோது மூன்று வெள்ளைச் சிறுவர்கள், நீச்சல் தெரியாது என்று தெரிந்தே அவரை ஆற்றில் தள்ளினார்கள். தண்ணீருக்கடியிலேயே நகர்ந்து கரையேறித் தப்பித்தார். பள்ளியில் ஓர் ஆசிரியை, 'உங்களைக் கல்லூரிக்கு அனுப்பிப் பெற்றோர் பணத்தை வீணாக்க வேண்டாம், நீங்களெல்லாம் மூட்டை தூக்கவும் வீட்டு வேலை செய்யவும்தான் போகப்போகிறீர்கள்' என்ற பொருளில் கறுப்பின மாணவர்களிடம் சொன்னாராம். பார்க்ஸ் பள்ளிப் படிப்பையே முடிக்கவில்லை. பிற்காலத்தில் ஏராளமான கௌரவ டாக்டர் பட்டங்கள் அவரைத் தேடி வந்தன. அவற்றில் ஒன்றை அந்த ஆசிரியைக்கே காணிக்கையாக்கினார்.

தாய் இறந்தபோது அவர் பதின்வயதுச் சிறுவன். மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் இருந்த அக்கா வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். சில வாரங்களிலேயே அக்காவின் கணவர் ஒரு குளிர்கால இரவில் வெளியே தள்ளிவிட்டார். தங்க இடமில்லாமல் டிராம் வண்டிகளில் ஏறி, அது போகும் வரை போய், திரும்பி வந்து, அப்படியே தூங்கி இரவுகளைக் கழித்தார். விடுதிகளில் பியானோ வாசித்தார், எச்சில் தட்டு எடுத்தார், ரயிலில் சாப்பாடு பரிமாறினார்.

அந்த ரயில் வேலைதான் திருப்புமுனை. ஒரு பயணி விட்டுப்போன பத்திரிகையைப் புரட்டியபோது, பஞ்சம் பிழைக்க ஊர் ஊராக அலையும் விவசாயக் கூலிகளின் படங்களைப் பார்த்தார். பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம் என்ற அரசுத் துறைக்காக டொரோத்தியா லாங், வாக்கர் எவன்ஸ் போன்றவர்கள் எடுத்த படங்கள். வறுமையைப் படத்தால் இப்படிப் பேசவைக்க முடியுமா என்று அவருக்கு ஆச்சரியம். சியாட்டில் நகரின் அடகுக்கடை ஒன்றில் பழைய வோய்க்லாண்டர் கேமரா ஒன்றை வாங்கினார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கற்றுக்கொடுக்க யாருமில்லை.

முதலில் கிடைத்தது செயின்ட் பாலில் ஒரு துணிக்கடைக்கான ஃபேஷன் படங்கள். எடுத்ததில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிவாக்கிக் கெடுத்துவிட்டார். பிழைத்த அந்த ஒரே படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுபோய் வைத்தார். மறுபடி எடுக்கச் சொன்னார்கள். குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸின் மனைவி மார்வா லூயிஸ் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, சிகாகோ வாருங்கள் என்றார். அங்கே பணக்காரப் பெண்களின் உருவப்படங்கள் எடுத்துப் பிழைத்தார். மிச்ச நேரத்தில் நகரின் தெற்குப் பகுதியில் கறுப்பின மக்கள் வாழ்ந்த சேரிகளைப் படமெடுத்தார். அந்தப் படங்கள் அவருக்கு ரோசன்வால்ட் அறக்கட்டளையின் உதவித்தொகையைப் பெற்றுத் தந்தன. 1942-இல் அவர் வாஷிங்டன் போய்ச் சேர்ந்தது, எந்தத் துறையின் படங்களை ரயிலில் பார்த்தாரோ அதே துறைக்கு.

அங்கே ஒளிப்படப் பிரிவின் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர். முதல் நாள் அவர் பார்க்ஸிடம் சொன்னது விசித்திரமானது: கேமராவை இங்கே வைத்துவிட்டு ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வா. ஒரு கடையில் சாப்பிடு, ஒரு படம் பார், ஒரு கோட்டு வாங்கு. பார்க்ஸ் போனார். சாப்பாட்டுக் கடையில் பின்வாசலுக்குப் போகச் சொன்னார்கள். திரையரங்கில் உள்ளேயே விடவில்லை. பெரிய துணிக்கடையில் அவரைக் கவனிக்க யாரும் வரவில்லை. நாடாளுமன்றம் இருக்கும் தலைநகரம் அது. ஹிட்லரின் இனவெறிக்கு எதிராகப் போர் நடத்திக்கொண்டிருந்த நாடு அது.

கொதித்துப்போய்த் திரும்பினார். இதையெல்லாம் உடனே படமாக்க வேண்டும் என்றார். ஸ்ட்ரைக்கர் கேட்டது எளிய கேள்வி: எப்படி? உன்னை விரட்டிய ஆளின் முகத்தைப் படமெடுத்துக் கீழே 'நிறவெறியன்' என்று எழுதினால் போதுமா? வெறியனின் முகமும் மற்றவர்கள் முகம்போலத்தான் இருக்கும். இந்த ஊரில் வெகுகாலமாக இதையெல்லாம் தாங்கி வாழ்ந்தவர்களிடம் போய்ப் பேசு என்று சொல்லி அனுப்பினார்.

அப்படிப் பேசக் கிடைத்தவர்தான் எல்லா வாட்சன். அந்த அரசு அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கும் பெண். ஆண்டுச் சம்பளம் 1,080 டாலர், மாதத்துக்கு 90. பார்க்ஸ் பின்னாளில் எழுதியபடி, அவர் தன் கதையைச் சொன்னார்: தந்தையை வெள்ளையர் கும்பல் அடித்துக் கொன்றது, கணவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார், மகளும் இளம்வயதிலேயே பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய்விட்டாள். பேரப்பிள்ளைகளை அந்தச் சம்பளத்தில் வளர்த்துக்கொண்டிருந்தார்.

அதைக் கேட்ட பிறகு பார்க்ஸ் எடுத்த படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். புள்ளி போட்ட உடை, மூக்குக் கண்ணாடி, மெலிந்த முகம். ஒரு பக்கம் தலைகீழாக நிமிர்த்திய துடைப்பம், இன்னொரு பக்கம் தரை துடைக்கும் மாப். பின்னால் சுவர் முழுக்கத் தொங்கும் அமெரிக்கக் கொடி. கொடி மங்கலாக இருக்கிறது, அவர் தெளிவாக இருக்கிறார். கிராண்ட் வுட் 1930-இல் வரைந்த 'அமெரிக்கன் கோதிக்' ஓவியத்தில் கையில் கவைக்கோலோடு ஒரு வெள்ளை விவசாயியும் பக்கத்தில் ஒரு பெண்ணும் நிற்பார்கள். இதுதான் உழைக்கும் அமெரிக்கா என்று நாடே கொண்டாடிய ஓவியம். பார்க்ஸ் தன் படத்துக்கும் அதே பெயரை வைத்தார். அந்த இடத்தில் யார் நிற்க வேண்டும் என்று ஒரே அடியில் கேட்டுவிட்டார்.

படத்தைப் பார்த்த ஸ்ட்ரைக்கர், நீ விஷயத்தைப் பிடித்துவிட்டாய், ஆனால் இது வெளியே போனால் நம் எல்லோருக்கும் வேலை போய்விடும் என்றாராம். நாம் வழக்கமாக இந்தக் கதையை இங்கேயே முடித்துக் கைதட்டுவோம். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். ஆனால் ஸ்ட்ரைக்கர் இன்னொன்றும் சொன்னார்: அந்தப் பெண்ணோடு தொடர்ந்து வேலை செய், என்ன வருகிறது பார்ப்போம்.

பார்க்ஸ் போனார். எல்லா வாட்சனின் வீட்டுக்கு, அவர் தெருவுக்கு, அவர் தொழுகைக்குப் போகும் சிறு தேவாலயத்துக்கு. டஜன் கணக்கில் படங்கள். அவற்றில் ஒன்றில், கதவுக்கு அந்தப் பக்கம் சமையலறையில் பேரப்பிள்ளைகளோடு அவர் உட்கார்ந்திருக்கிறார். இந்தப் பக்கம் வளர்ப்பு மகள். ஒரே சட்டகத்துக்குள் இரண்டு அறை, மூன்று தலைமுறை. இன்னொன்றில் படுக்கையறை மேசைமேல் அவரே அமைத்துக்கொண்ட சிறிய வழிபாட்டிடம், மெழுகுவத்திகள், சிலைகள். பேரப்பிள்ளைகளோடு வீட்டில் இருக்கும் படங்கள், வழிபாட்டில் இருக்கும் படங்கள் என்று அந்த வரிசை நீள்கிறது.

இந்த வரிசையில் அவர் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டார். இங்கே அவர் பாட்டி, குடும்பத் தலைவி, பக்தை, அண்டைவீட்டுக்காரி. முதல் படம் அமெரிக்காவைப் பற்றி நமக்குச் சொல்கிறது. எல்லா வாட்சன் யார் என்பதை மற்ற படங்கள்தான் சொல்கின்றன. உலகம் முதல் படத்தை மட்டும் வைத்துக்கொண்டது. அதன் தலைப்பில்கூட அவர் பெயர் இல்லை, ஓர் ஓவியத்தின் பெயர்தான் இருக்கிறது. மற்ற படங்களும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். இன்று இரவு தேடிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பார்க்ஸின் பாணி என்ன என்று கேட்டால், வெளிச்சம், கோணம் என்று தொடங்குவார்கள். அதெல்லாம் அவருக்கு அபாரமாகத் தெரியும். ஆனால் அடிப்படை, முதலில் உட்கார்ந்து பேசுவது; பிறகு அந்த மனிதர் தன்னைச் சுற்றி எதையெல்லாம் வைத்துக்கொண்டிருக்கிறார் என்று பார்ப்பது. 1956-இல் அலபாமாவின் மொபைல் நகரில் அவர் எடுத்த ஒரு முதிய தம்பதியின் படம் இருக்கிறது. சோபாவில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். தலைக்குமேல் சட்டமிட்ட பழைய குடும்பப் படம். முன்னால் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகப் படங்கள். அவர்கள் தங்கள் வரலாற்றைத் தாங்களே அடுக்கி வைத்திருக்கிறார்கள்; பார்க்ஸ் அதை மறைக்காமல் தள்ளி நின்று எடுத்திருக்கிறார்.

இரண்டாவது, உடை பற்றிய அவருடைய கண். ஃபேஷன் படங்களில் பழகிய கண் அது. 1956 வரிசையை அவர் கறுப்பு வெள்ளையில் எடுக்காமல் வண்ணத்தில் எடுத்தார். ஒரு படத்தில், கடை ஒன்றின் முன்னால் நன்றாக உடுத்திய ஓர் இளம்பெண்ணும் ஒரு சிறுமியும் நிற்கிறார்கள். தலைக்குமேல் சிவப்பு நியான் எழுத்து: 'கறுப்பர் நுழைவாயில்'. அந்தப் பெண் பல பத்தாண்டுகள் கழித்து அந்த நாளை நினைவுகூர்ந்தார். சிறுமிக்குப் பாப்கார்ன் வாசனை வந்து, வேண்டும் என்று கேட்டாளாம். பிள்ளையைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போக மனமில்லாமல், வேறெங்கே வாங்கித் தரலாம் என்று யோசித்தபடி நின்றாராம். அவருடைய உள்ளாடைப் பட்டை தோளிலிருந்து கொஞ்சம் நழுவியிருப்பது படத்தில் தெரியும். அவருக்கு அதுதான் உறுத்தியது. நன்றாக உடுத்துவது அவருக்கு முதல்தரக் குடிமகளாக நிற்பது. கோட்டும் சூட்டுமாக நிற்கும் அம்பேத்கரை வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உலகம் அந்தப் படத்தில் நியான் எழுத்தைப் பார்க்கிறது. அதில் நின்றவர் நழுவிய பட்டையைப் பார்க்கிறார். இரண்டும் உண்மை. நாம் ஒன்றை மட்டும் பார்க்கப் பழகியிருக்கிறோம்.

மூன்றாவது, சொல். 1948-இல் ஹார்லெம் பகுதியில் பதினேழு வயது ரெட் ஜாக்சன் என்ற கும்பல் தலைவனோடு வாரக்கணக்கில் சுற்றி நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்தார். 'லைஃப்' இதழ் வெளியிட்டவை 21. வீட்டில், குடும்பத்தோடு இருக்கும் பையன் ஒதுங்கிப்போய், இருட்டும் சண்டையும் சாவுமே பக்கங்களை நிரப்பின. அந்தக் கட்டுரைக்குப் பிறகு அவர் 'லைஃப்' இதழின் முதல் கறுப்பின முழுநேர ஒளிப்படக்காரர் ஆனார். நல்ல வேலை, உலகம் முழுக்கப் பயணம், இங்க்ரிட் பெர்க்மன் முதல் முகமது அலி வரை உருவப்படங்கள். ஆனால் எந்தப் படம் போகும், கீழே என்ன எழுத்து வரும் என்பதை முடிவுசெய்த மேசை வேறு யாருடையதோ. அதனால்தான் அவர் எழுதவும் செய்தார். 1963-இல் மால்கம் எக்ஸையும் அவர் இயக்கத்தையும் படமெடுத்தபோது, அவர்கள் குரல் தனக்கு என்ன சொல்கிறது என்று தன் பெயரிலேயே கட்டுரை எழுதினார். வெள்ளையர் இதழுக்காக வந்தவரை அந்த இயக்கம் சந்தேகத்தோடு பார்த்தது இயல்பு. அந்தச் சந்தேகத்தைத் தாண்டி வளர்ந்த நட்பில், மால்கமின் மகள்களில் ஒருத்திக்கு ஞானத்தந்தை ஆனார் பார்க்ஸ்.

இனி கசப்பான பகுதி. இதைச் சொல்லாமல் அவரைப் புகழ்ந்துவிட்டுப் போனால் உங்களை ஏமாற்றியதாகும்.

பார்க்ஸ் தன் வாழ்க்கைக் கதைக்கு 'ஆயுதத் தேர்வு' என்ற பொருளில் தலைப்பு வைத்தார். 1966-இல் வந்த நூல். வறுமைக்கும் நிறவெறிக்கும் எதிராகத் தான் எடுத்த ஆயுதம் கேமரா என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னார். ஆயுதம் என்றால் அதற்கு முன்னால் நிற்பவருக்கும் ஆபத்து உண்டு. 1956-இல் அலபாமாவில் அவர் படமெடுத்த குடும்பங்களில் ஒன்று மரம் வெட்டிப் பிழைத்த குடும்பம். மனைவி பள்ளி ஆசிரியை. நிறப்பிரிவினை ஒழிய வேண்டும் என்று அவர் வெளிப்படையாகப் பேசினார். இதழ் வெளியானது. அவருடைய ஆசிரியை வேலை பறிபோனது. குடும்பத்தின் பிழைப்பையே முடக்கினார்கள். கடைசியில் அவர்கள் ஊரைவிட்டே போக வேண்டியதாயிற்று. வேறிடத்தில் குடியேற 'லைஃப்' இதழ் 25,000 டாலர் கொடுத்தது. பணம் கொடுத்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை, பல பத்திரிகைகள் அதுகூடச் செய்யாது. ஆனால் பார்க்ஸ் நியூயார்க்குக்குத் திரும்பிப் போக முடிந்தது. அவர்கள் அந்த ஊரிலேயே இருந்தார்கள். படத்தின் விலையைக் கட்டியவர்கள் அவர்கள்.

1961-இல் பிரேசிலின் ரியோ நகரத்துச் சேரியில் ஃபிளாவியோ என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவனை எடுத்தார். நோயில் மெலிந்த உடம்போடு தம்பி தங்கைகளுக்குச் சமைத்துப்போட்டு வளர்க்கும் பையன். படங்களைப் பார்த்து வாசகர்கள் பணம் அனுப்பினார்கள். பையனை அமெரிக்காவின் டென்வருக்குக் கூட்டிவந்து மருத்துவம் பார்த்தார்கள், உயிர் பிழைத்தான். இரண்டு ஆண்டுகள் கழித்து ஊருக்கு அனுப்பினார்கள். அவனுக்கோ திரும்பிப் போக விருப்பமில்லை. எங்கள் ஊர் வறுமையை நீ காட்டினால் உங்கள் ஊர் வறுமையை நாங்கள் காட்டுகிறோம் என்று பிரேசில் இதழான 'ஓ க்ரூசெய்ரோ', நியூயார்க்கின் ஏழைக் குடும்பம் ஒன்றைப் படமெடுத்துப் போட்டது. பார்க்ஸ் பல ஆண்டுகள் கழித்து ஃபிளாவியோவைத் தேடிப்போனார். 1978-இல் அவனைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் நுழைந்ததன் பலன் என்ன என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அந்தக் கேள்வியை அவர் தட்டிக்கழிக்கவில்லை என்பதுதான் எனக்கு அவர் எடுத்த எந்தப் படத்தையும்விடப் பெரிதாகத் தெரிகிறது.

பிறகு அவர் சினிமாவுக்கும் போனார். 1969-இல் தன் நாவலையே 'தி லேர்னிங் ட்ரீ' என்ற படமாக எடுத்து, ஹாலிவுட்டின் பெரிய நிறுவனம் ஒன்றுக்காகப் படம் இயக்கிய முதல் கறுப்பினத்தவர் ஆனார். 1971-இல் 'ஷாஃப்ட்'. 2006 மார்ச் 7 அன்று, 93 வயதில் இறந்தார். 1956-இல் எடுத்தவற்றில் பல வண்ணப் படங்கள் ஒரு பெட்டியின் அடியில் சுற்றிக் கிடந்தன. அவர் இறந்து சில ஆண்டுகளுக்குப் பிறகுதான் கண்டெடுத்தார்கள்.

தோழர்களே, நம் எல்லோர் கையிலும் இன்று கேமரா இருக்கிறது. கொலையான மகனின் படத்தை நெஞ்சோடு அணைத்து நிற்கும் தாயை எடுக்கிறோம். மலக்குழியில் இறங்கியவரை எடுக்கிறோம். எரிந்த குடிசையை எடுக்கிறோம். எடுக்கத்தான் வேண்டும், நாம் எடுக்காவிட்டால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் எடுத்து முடித்த அன்றே நம் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். நாம் பேருந்து ஏறிவிடுகிறோம், அவர் அந்த ஊரிலேயே இருக்கிறார். மறுநாள் டீக்கடையில் அந்தப் படத்தை வைத்து அவரை யார் என்ன கேட்பார்கள்? வேலைக்குப் போகும் இடத்தில் என்ன ஆகும்? அவர் பிள்ளைகள் அதை எங்கே பார்ப்பார்கள்? பத்து வருடம் கழித்துத் தன் வாழ்க்கையில் எஞ்சிய ஒரே படம் அதுதான் என்றால் அவருக்கு எப்படி இருக்கும்? இதைப் பற்றி அவரிடமே பேசியிருக்கிறோமா? இரண்டாவது முறை, மூன்றாவது முறை போயிருக்கிறோமா?

துடைப்பத்தோடு எடுத்த படத்தை நான் நீக்கிவிட்டேன். பகிர்ந்தவர்களிடமிருந்து நீக்க முடியவில்லை. அது இன்னும் எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது. போன மாதம் அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். என்னைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தார். எங்கே உட்கார வேண்டும், சுவரில் இருக்கும் எந்தப் படம் பின்னால் தெரிய வேண்டும் என்று அவரே சொன்னார். எடுத்ததில் எது நன்றாக இருக்கிறது என்று பேத்தி தேர்ந்தெடுத்தாள். நான் நினைத்த படத்தை அவள் தேர்ந்தெடுக்கவில்லை.

அந்தப் படத்தை நான் எங்கும் போடவில்லை. அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது.